ஆத்தூர் வெற்றிலையும் தொடரேட்டுத் தொழில்நுட்பமும்: முதற்பதிவின் நம்பகத்தன்மை

முன்னுரை

தாமிரபரணியின் கடைப்பகுதியில் அமைந்துள்ள ஆத்தூர் வட்டார வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இன்று தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள இப்பகுதி, 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. புவிசார் குறியீடு பெயரைச் சட்டத்தால் காக்கிறது. ஆயின் கடையில் கவுளியாக விற்கப்படும் இலை எந்தக் கொடிக்காலில் கிள்ளப்பட்டது என்பதை வாங்குபவருக்கு அது காட்டுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பப் பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டுத் தொழில்நுட்பம் எந்த அளவுக்கு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடரேட்டின் இயல்பு

தொடரேட்டில் ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியிலிருந்து கணக்கிடப்பட்ட அடையாள எண்ணைத் தாங்கி நிற்கும். பழைய பதிவு ஒன்றை மாற்றினால் அவ்வெண் பொருந்தாமல் போய், மாற்றம் வெளிப்படும். ஏட்டின் படிகள் பலரிடம் இருப்பதால் ஒருவர் மட்டும் தம் படியைத் திருத்துவதில் பயனில்லை. வால்மார்ட், ஐபிஎம் நிறுவனங்கள் நடத்திய சோதனையில், மாம்பழத் துண்டுகளின் தோற்றுவாயைக் கண்டறிய முன்னர் ஏறத்தாழ 7 நாள்கள் ஆயின, தொடரேட்டின்வழி 2.2 நொடிகள் போதுமானவையாக இருந்தன. இந்தியக் காப்பி வாரியமும் 2019இல் இத்தகைய சந்தைத் தளத்தைச் சோதனை முறையில் தொடங்கியது.

முதற்பதிவுச் சிக்கல்

எனினும் தொடரேடு காப்பது பதிவையே, பொருளை அன்று. வேற்றூர் இலை ஆத்தூர் இலையெனப் பதிவானால் அப்பொய்யும் அழியாமல் நிலைத்துவிடும். கட்டின் மீதுள்ள கியூஆர் குறியீடு உண்மையானதாக இருக்க, உள்ளிருக்கும் இலை மாற்றப்படவும் கூடும். இதனால் இழப்படைபவர் நேர்மையாகப் பயிரிடும் விவசாயியே ஆவார்.

இதனைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவதாக, 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் மட்டுமே முதற்பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவதாக, அவர் பதியும் அளவைக் கொள்முதல் செய்பவரும் உறுதிசெய்தல் வேண்டும். மூன்றாவதாக, கொடிக்காலின் பரப்புக்கு இயலக்கூடிய விளைச்சலைப் பதிவுகளின் கூட்டுத்தொகை மிஞ்சினால் களஆய்வு நடைபெறுதல் வேண்டும்.

முடிவுரை

ஏற்றுமதித் திராட்சைக்கு அபெடா நடத்தும் கிரேப்நெட், மையத் தரவுத்தளத்தைக் கொண்டே தோற்றுவாயைத் தடமறிகிறது. அனைவரும் ஏற்கும் ஓர் அமைப்பு உள்ள இடத்தில் தொடரேடு இன்றியமையாததன்று. விவசாயி, தரகர், வணிகர் ஆகியோர் ஒருவர் கணக்கை மற்றவர் நம்பவியலாத இடத்திலேயே அதன் பயன் மிகும். எதனைத் தேர்ந்தாலும், கொடிக்கால் வரப்பில் நிகழும் சரிபார்ப்பே அதன் அடித்தளமாகும்.