1.2 லட்சம் ரூபாய் வின்ச் உங்களுக்குத் தேவையா? ஜிம்னி, தார், ஜிப்ஸி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பட்ஜெட் கணக்கு

புது 4x4 வாங்கினவங்க பலர் அடுத்து தேடுறது வின்ச் தான். வண்டியோட இ.எம்.ஐ. ஆரம்பிச்சு மூணு மாசம் கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள "முன்னாடி ஒரு வின்ச் போட்டா கெத்தா இருக்கும்"னு ஆசை வந்துடும். ஆசை தப்பில்ல. ஆனா இதுல ரெண்டு விஷயம் பணயத்துல இருக்கு: ஒண்ணு உங்க சேமிப்பு, இன்னொண்ணு உயிர். தப்பான கயிறும் தப்பான கொக்கியும் ஆளைக் கொல்லும். அதனால இந்தப் பதிவுல எதை முதல்ல வாங்கணும், எதைத் தள்ளிப் போடணும், உக்கடத்துல பழைய சாமான் கடையில எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாதுன்னு வரிசையா பார்த்துடலாம்.

முதல் கேள்வி: நீங்க எங்க மாட்டுவீங்க?

உக்கடத்துல இருந்து ஆத்துப்பாலம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டுலயோ பாலக்காடு ரோட்டுலயோ போற வரைக்கும் வின்ச்சுக்கு வேலையே இல்ல. வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான். நம்ம பக்கம் வண்டி மாட்டுறது பெரும்பாலும் மூணு இடத்துல: மழை பெஞ்ச கரிசல் காடு, காய்ஞ்ச ஆத்து மணல், தோட்டத்துக்குப் போற மண் வழி. இந்த மூணுலயும் பெரும்பாலான நேரம் டயர் காத்தைக் குறைச்சு, சக்கரத்துக்கு முன்னாடி மண்ணை வெட்டி, 4எல் கியர்ல மெதுவா நகர்த்தினாலே வண்டி வெளிய வந்துடும்.

வின்ச் கட்டாயம் வேணும்கிற இடம் வேற. 2014-ல கோவாவுல தொடங்கின ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா மாதிரி போட்டிகள்ல, ஓட்டியே ஏற முடியாத பள்ளத்துல வின்ச்சைப் போட்டுத்தான் ஏறணும். இல்லேன்னா, துணைக்கு இன்னொரு வண்டி இல்லாம தனியா கரடுமுரடான இடத்துக்கு அடிக்கடி போறவங்களுக்கு வேணும். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது சட்டப்படி குற்றம், அதனால அந்தக் கணக்கே வேண்டாம்.

இப்ப பணக் கணக்கு

கீழ இருக்கிறது ஒரு மாதிரி பட்ஜெட். கடைக்குக் கடை விலை மாறும், நீங்க வாங்கின கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கோங்க.

வின்ச் செட்:
- வின்ச்: 65,000
- மவுண்டிங் பிளேட்: 20,000
- பெரிய பேட்டரி, கனமான கேபிள்: 15,000
- ஸ்னாட்ச் பிளாக், ஃபேர்லீட்: 12,000
- ஃபிட்டிங் கூலி: 8,000
- மொத்தம்: 1,20,000 ரூபாய்

அடிப்படை கிட்:
- ஏர் கம்ப்ரசர்: 4,000
- பிரஷர் கேஜ்: 500
- மண்வெட்டி: 600
- தோல் கையுறை: 300
- கைனடிக் ரோப்: 8,000
- ஷேக்கிள் ரெண்டு: 3,000
- மரத்துல சுத்துற பெல்ட்: 1,600
- டிராக்ஷன் போர்டு ஜோடி: 6,000
- மொத்தம்: 24,000 ரூபாய்

அந்த 1,20,000-ஐ பர்சனல் லோன்ல, 14% வட்டியில, மூணு வருஷத்துக்கு எடுத்தா மாச இ.எம்.ஐ. சுமார் 4,100 ரூபாய். மொத்தமா கட்டுறது சுமார் 1,47,600. அதாவது வட்டி மட்டுமே 27,600. நல்லா கவனிங்க, வட்டிக்குப் போற காசுலயே முழு அடிப்படை கிட்டும் வாங்கிட்டு மீதி இருக்கும்!

இன்னொரு கணக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை வின்ச் பயன்படுதுன்னு வெச்சுக்கலாம். அஞ்சு வருஷத்துல பத்து தடவை. லோன் போட்டு வாங்கினா ஒரு இழுப்புக்கு 14,760 ரூபாய். அதே கரிசல் காட்டுல பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்காரர் 2,000 ரூபாய் கேட்டா கூட உங்களுக்கு லாபம்தான்.

என் சிபாரிசு: மாசம் 4,000 ரூபாய் ஆறு மாசம் ஆர்.டி.யில போடுங்க, 24,000 சேர்ந்ததும் அடிப்படை கிட் வாங்குங்க. ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்க. எத்தனை தடவை அந்த கிட்டால முடியாம நின்னீங்கன்னு எழுதி வைங்க. அந்த எண்ணிக்கை மூணு, நாலுன்னு வந்தா அப்புறம் வின்ச் பத்தி யோசிக்கலாம். எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்கிறது மட்டும் கூடவே கூடாது.

வாங்குறதுன்னு முடிவானா: எத்தனை பவுண்டு?

பொதுவான விதி: வண்டியோட முழு லோடு எடையை 1.5-ஆல் பெருக்கணும். காலி எடையை எடுத்துக்கக் கூடாது. உங்க ஆர்.சி.யிலயோ மேனுவல்லயோ முழு எடை இருக்கும். ஜிம்னிக்கு அது 1,545 கிலோ. பெருக்கினா சுமார் 2,320 கிலோ, பவுண்டுல 5,100.

அப்ப 6,000 பவுண்டு வின்ச் போதுமான்னு கேட்டா, பேப்பர்ல போதும். ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு. பெட்டியில போட்டிருக்கிற திறன், டிரம்முல கயிறு கடைசிச் சுத்து மட்டும் இருக்கும்போது கிடைக்கிறது. கயிறு மேல மேல சுத்தச் சுத்த ஒவ்வொரு அடுக்குக்கும் 10 முதல் 15% வரை குறையும். நாலாவது அடுக்குல 6,000 பவுண்டு வின்ச் 4,000-க்குப் பக்கத்துல வந்துடும். அதனாலதான் சின்ன வண்டிக்கும் பலர் 8,000 பவுண்டு வரைக்கும் போறாங்க. 12,000 பவுண்டு எல்லாம் ஜிம்னிக்கு வீண் செலவு, வீண் எடை.

எடை ஏன் முக்கியம்? ஜிம்னியோட காலி எடை 1,195 முதல் 1,210 கிலோ. முழு எடை 1,545. நடுவுல இருக்கிறது சுமார் 340 கிலோ. 70 கிலோ ஆள் நாலு பேர் ஏறினா 280 போச்சு. மீதி 60 கிலோ. வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தாலே இந்த 60-ஐத் தாண்டிடலாம். அதுக்கு மேல டென்ட், தண்ணி கேன் எல்லாம் எங்க வைப்பீங்க?

ஒரு வழி இருக்கு: ஸ்னாட்ச் பிளாக். கயிறை மரத்துல கட்டின கப்பி வழியா திருப்பி வண்டிக்கே கொண்டு வந்தா இழுவிசை கிட்டத்தட்ட ரெட்டிப்பு ஆகும், வேகம் பாதியாகும். சின்ன வின்ச்சும் ஒரு கப்பியும் பெரிய வின்ச்சை விட புத்திசாலித்தனமான செலவு.

பேட்டரி: யாரும் சொல்லாத செலவு

முழு லோடுல ஒரு வின்ச் சுமார் 400 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டால பெருக்கினா 4,800 வாட், அதாவது ஆறு ஹெச்.பி.க்கு மேல. மோட்டார் பம்பு ஊர்க்காரங்களுக்கு இது எவ்வளவுன்னு சொல்லணுமா! 45 ஏ.ஹெச். பேட்டரி சில நிமிஷத்துல படுத்துடும். இன்ஜின் ஓடிட்டே இருக்கணும், ஒரு நிமிஷம் இழுத்தா நிறுத்தி ஆற விடணும். மோட்டார்ல ரெண்டு வகை: பெர்மனென்ட் மேக்னெட் விலை குறைவு, சீக்கிரம் சூடாகும், சீரிஸ் வவுண்ட் கனமான வேலைக்குத் தாங்கும். தண்ணியில இறங்குறவங்க ஐ.பி.67 சீல் இருக்கான்னு பாருங்க.

ஸ்டீல் கயிறா, சிந்தெடிக்கா? ஸ்டீல் உரசலைத் தாங்கும், ஆனா கனம், அறுந்தா சாட்டை மாதிரி அடிக்கும். சிந்தெடிக் லேசு, அறுந்தாலும் வேகம் குறைவு, ஆனா வெயிலும் பாறை உரசலும் ஆகாது. சிந்தெடிக்னா அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட், ஸ்டீல்னா ரோலர் ஃபேர்லீட்.

வண்டியில எதையும் மாத்தாம வேணும்னா, லீவர் போட்டு கையால இழுக்கிற டிர்ஃபர் டைப் வின்ச் இருக்கு. மில்லு, ஒர்க்‌ஷாப்ல கனமான மெஷின் நகர்த்துறவங்களுக்கு இது பழக்கமான சாமான். 1.6 டன் மாடல் கிட்டத்தட்ட 20 கிலோ. வேலை மெதுவா நடக்கும், வேர்வை சிந்தணும், ஆனா பேட்டரிச் செலவு கிடையாது.

உக்கடத்துல எதை வாங்கலாம்?

வாங்கலாம்:
- பழைய ஸ்க்ரூ ஜாக், மண்வெட்டி, இரும்பு டூல் பெட்டி
- மவுண்டிங்குக்கான தடிமனான இரும்புத் தகடு (வெல்டிங் தெரிஞ்ச ஆள் பார்த்துச் சொன்னா)
- நல்ல நிலையில இருக்கிற கனமான செம்பு கேபிள்

தொடவே கூடாது:
- பயன்படுத்தின கயிறு, பெல்ட். உள்ள அறுந்திருக்கிறது வெளிய தெரியாது.
- எண் அடிக்காத ஷேக்கிள். நல்ல ஷேக்கிள்ல வேலைச் சுமை அச்சடிச்சிருக்கும், 19 மி.மீ. (முக்கால் இஞ்ச்) ஷேக்கிள்னா 4.75 டன்.
- வாய் விரிஞ்ச கொக்கி, வெல்டிங் வெச்ச கொக்கி.

இன்னொரு குழப்பம்: கிரேன்ல தூக்குற பெல்ட் ஸ்லிங். கலர் பார்த்தே திறன் சொல்லலாம் (பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சிவப்பு 5 டன்). புதுசா வாங்கி மரத்துல சுத்துறதுக்கு வெச்சுக்கலாம். ஆனா அதை வெச்சு வண்டியை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. அந்த பெல்ட் நீளாது, முழு அதிர்ச்சியும் கொக்கிக்குப் போகும். வெடுக்கு இழுப்புக்கு நீளக்கூடிய கைனடிக் ரோப்தான். அது 30% வரை நீண்டு சுருங்கும்.

காசு மிச்சம் பண்ணக் கூடாத இடம்

- டோ பால்ல கயிறு மாட்டவே மாட்டாதீங்க. ஆஸ்திரேலியாவுல அது பிய்ஞ்சு பறந்து உயிர் போயிருக்கு.
- பம்பர்ல திருகி மாட்டுற வளையம் வண்டியை லாரியில ஏத்திக் கட்டுறதுக்கு. சேத்துல இருந்து இழுக்க இல்ல. சேசிஸ்ல இருக்கிற பாயின்ட்டை மேனுவல்ல பாருங்க.
- ரெண்டு பெல்ட்டை நடுவுல இரும்பு ஷேக்கிள் போட்டு இணைக்காதீங்க. அறுந்தா அது குண்டு மாதிரி.
- இழுக்கும்போது கயிறு மேல டேம்பர் போடுங்க. இல்லேன்னா ஒரு கனமான ஈரச் சாக்கு. சுத்தி நிக்கிறவங்க கயிறு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துல நிக்கட்டும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

2017 டிசம்பர்ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை மீறுறதுன்னு காரணம் சொன்னாங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். இரும்பு வின்ச் பம்பர் போட்டா இந்தக் கேள்வி வரும். ஏர்பேக் சென்சார் வேலையும் கெடலாம். அதனால காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் எழுத்துல கேட்டு வாங்குங்க.

வின்ச்சை பாலிசியில கூடுதல் ஆக்சஸரீஸா சேர்த்து பிரீமியம் கட்டலேன்னா, திருட்டோ விபத்தோ நடந்தா அதுக்குக் காசு வராது. மாற்றத்தைச் சொல்லாம விட்டா முழு கிளைமுக்கே தகராறு வரலாம். சாதாரண கார் பாலிசி போட்டிப் பந்தயங்களுக்குச் செல்லாதுங்கிறதையும் ஞாபகம் வைங்க.

கடைசியா ஒரு ஐடியா

நாலு நண்பர்கள் சேர்ந்து போறீங்கன்னா நாலு வின்ச் எதுக்கு? ஒருத்தர் வண்டியில வின்ச், மத்தவங்ககிட்ட ஆளுக்கொரு அடிப்படை கிட். அதுக்கும் முன்னாடி: எப்பவும் குறைஞ்சது ரெண்டு வண்டியா போங்க. ஒரு கைனடிக் ரோப்பும் இன்னொரு வண்டியும் இருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

இந்த வீக்கெண்ட் செய்ய வேண்டியது இதுதான்: ஆர்.சி.யை எடுத்து முழு எடையைப் பாருங்க, மேனுவல்ல இழுக்கிற பாயின்ட் எங்கன்னு கண்டுபிடிங்க, டயர் காத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி மண் ரோட்டுல மெதுவா ஓட்டிப் பழகுங்க (தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப நிரப்பிடணும்). இது மூணுக்கும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். உங்க பட்ஜெட்டை கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் போடுவோம்.