பஸ் எங்கே வருகிறது?

வால்பாறைக் கடைவீதியில் கல்லா நிறைவதும் நிறையாததும் பஸ்ஸைப் பொறுத்தது. சோலையாறு, முடீஸ், சின்கோனா, உருளிக்கல் என்று தோட்டங்களிலிருந்து வரும் தொழிலாளர் குடும்பங்கள்தாம் நம் வாடிக்கையாளர்கள். மளிகைச் சீட்டைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே "அண்ணா, பஸ் போயிரும், மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பஸ் வந்ததோ அரை மணி நேரம் கழித்து. அந்த அரை மணி நேரத்தில் போன வியாபாரம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் 2022ஆம் ஆண்டு 'சென்னை பஸ்' என்ற செயலியை வெளியிட்டது. பஸ்ஸில் உள்ள ஜி.பி.எஸ். கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, செல்போன் சிம் வழியாகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பயணி தன் கைபேசியில் பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணிகள் வாகனங்களில் இத்தகைய கருவி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஆகவே கருவி ஒன்றும் அதிசயம் அல்ல. அதன் தகவல் பயணியின் காதுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு படி மேலே 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்கிறார்கள். கைபேசிக் கேமராவைத் தெருவை நோக்கிப் பிடித்தால், அந்தத் தெருக்காட்சியின் மேலேயே வழிகாட்டும் அம்புக்குறி தோன்றும். கூகுள் மேப்ஸ் 2019இல் இதை நடந்து செல்பவர்களுக்காகக் கொண்டு வந்தது. பெரிய ஊரில் எந்த நிறுத்தத்தில் ஏறுவது என்று திகைப்பவருக்கு உதவும். நமக்கு இருப்பதோ ஒரு பஸ் நிலையம். அதைத் தேட அம்புக்குறி எதற்கு?

நமக்கு வேண்டிய முறையை வால்பாறையே முன்பு செய்து காட்டியிருக்கிறது. 1994க்குப் பிந்தைய சுமார் இருபது ஆண்டுகளில் இம்மலையில் யானை தாக்கி நாற்பது பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலோர் யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் மாட்டியவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்களும் அவர்களில் உண்டு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் குழுவினரும், வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து, யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்பதை அன்றன்றே மக்களுக்குச் சொன்னார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓடும் எழுத்து. 2011 முதல் தமிழில் எஸ்.எம்.எஸ்.; முக்கிய இடங்களில், கைபேசியால் எரியவிடும் சிவப்பு விளக்கு. சில பஸ்களில் ஒலி அறிவிப்பும் வைத்துப் பார்த்தார்கள். உயிரிழப்பு குறைந்தது. இதற்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது. விலை உயர்ந்த கைபேசி யாரிடமும் இருக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பஸ் தகவலையும் இதே பாதையில் அனுப்பலாம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆனால் கருவி தகவலைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். அட்டகட்டி தாண்டிவிட்டது, ரொட்டிக்கடை வந்துவிட்டது என்ற அளவுக்குத் தெரிந்தாலே போதும். மழைக்காலத்தில் மண் சரிந்து வண்டி நின்றால், கீழிருந்து வரும் மருந்துக்கும் பூவுக்கும் காத்திருக்கும் கடைக்காரருக்கும் அது பயன்படும்.

போக்குவரத்துக் கழகத்திடம் சங்கத்தின் சார்பில் கேட்க வேண்டியது பெரிதல்ல. பஸ் நிலையத்தில் ஒரு மின்பலகை, தோட்டம் செல்லும் மாலை பஸ்களுக்கு மட்டும் முதலில். கூடவே அந்தத் தகவலை எஸ்.எம்.எஸ்.ஸாகப் பெறும் வசதி. டெல்லி அரசு 2018இலேயே பஸ் தகவலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதை முன்மாதிரியாகக் காட்டலாம். எஸ்.எம்.எஸ். வந்ததும் கடை வாசல் கரும்பலகையில் எழுதிவைக்க ஒரு சாக்கட்டி போதும், அது நம் செலவு.