வீட்டு அலமாரிகளில் இருக்கும் யாழ்ப்பாண வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு அரசாங்க ஆவணக் காப்பகங்கள் தருவது நிலவரி, நீதிமன்றம், நிருவாகம் ஆகியவை பற்றிய செய்திகளையே. அவ்வூரார் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதோ கோயில் திருவிழாத் துண்டறிக்கை, பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலைய அறிக்கை, கல்யாணப் பத்திரிகை, குடும்பப் புகைப்படம் போன்ற, விலைக்கென்று வெளியிடப்படாத சிறு பொருள்களில் சிதறிக் கிடக்கிறது. இத்தகையவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் தொகுதியே உள்ளூர் வரலாற்றுச் சேகரம் எனப்படுகிறது. அதை ஒரே இடத்தில் பூட்டிக் காப்பதா, பலர் கையிலும் பரவவிட்டுக் காப்பதா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தின் அனுபவம் தெளிவான விடை தருகிறது.

யாழ்ப்பாணத்தின் அச்சு மரபு நீண்டது. அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' இதழ் 1841இல் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். 'இந்து சாதனம்' பத்திரிகை 1889இல் வெளிவரலாயிற்று. இம்மரபில் விளைந்தவற்றுள் கணிசமான பகுதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சேர்ந்திருந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அதே நாள்களில் 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் தீக்கிரையானது. சென்னையிலோ இலண்டனிலோ அச்சான நூலை மறுபடி வாங்கிவிடலாம். உள்ளூர் அச்சகமொன்றில் சில நூறு படிகள் மட்டும் அச்சாகி, பெரும்பாலும் ஊருக்குள்ளேயே புழங்கிய பிரசுரத்தை வாங்குவதற்கு இடமில்லை என்பதால், எண்ணிக்கையை மட்டும் கொண்டு அவ்விழப்பை அளவிட முடியாது. பின்னர் 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் போரினால் கூட்டமாக இடம்பெயர நேர்ந்தபோது, வீடுகளில் எஞ்சியிருந்த சேகரங்களும் கேட்பாரற்று விடப்பட்டன.

இந்தப் பின்னணியில் 2005இல் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கியதே 'நூலகம்' என்னும் இணைய நூலகம். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் முதலியவற்றை எண்ணிமமாக்கி, அதாவது ஒவ்வொரு பக்கத்தையும் மின்வருடிக் கணினிக் கோப்பாக மாற்றி, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைப்பது அதன் பணி. இன்று அங்கே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. தரவிறக்கும் ஒவ்வொரு வாசகரும் தம்மையறியாமலேயே இன்னொரு படியைக் காப்பவராகிறார் என்பதால், இங்கே பகிர்தலைப் பாதுகாத்தலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இச்சேகரத்தில் தனிக் கவனத்துக்குரியவை நினைவு மலர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடைபெறும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருவோரிடம் கொடுக்கப்படும் இச்சிறு நூலை ஊரார் 'கல்வெட்டு' என்றே வழங்குவர். முகப்பில் இறந்தவரின் படம். அடுத்து இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைச் செய்யுளில் பதியும் திதி வெண்பா. பின்னர்த் தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்று அது விரியும். பிறந்த ஊர், புகுந்த ஊர், படித்த பாடசாலை, மலாயா ரயில்வேயில் பார்த்த உத்தியோகம், ஓய்வூதியத்தோடு திரும்பிவந்து திருத்திய கோயில் மண்டபம் என எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் ஒருசேரக் கிடைக்காத செய்திகள் அதன் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஓர் ஊரின் 50 கல்வெட்டுகளை அடுக்கி வைத்துப் படிப்பவருக்கு, அவ்வூரின் குடிப்பெயர்வும் கல்வியும் கொண்டு கொடுத்த உறவுகளும், சாதி வரம்புகளும்கூட, தெளியத் தொடங்கும். புகழுரையாக எழுதப்பட்டவை என்பதால் அவற்றை நிறுத்துப் பார்த்தே கொள்ள வேண்டும். ஆனால் புகழுரை என்பதற்காகவே வரலாற்றாசிரியர்கள் அவற்றைத் தள்ளிவைப்பது பெரும் பிழை.

எண்ணிமமாக்கலில் மின்வருடல் எளிய பகுதியே. மலிவான அச்சுத்தாளில் மரக்கூழின் லிக்னின் மிகுந்திருப்பதால் அது பழுத்து நொறுங்கும்; துருவேறிய கம்பி ஊசிகளைப் பக்கம் கிழியாமல் கழற்ற வேண்டும்; இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களை அழுத்தாமல் விரிக்க வேண்டும். இவற்றுக்குப் பொறுமை போதும். அறிவு தேவைப்படுவது விவரத் தரவில், அதாவது ஆவணத்தைப் பற்றிய குறிப்பை எழுதுவதில். நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு முதலியவற்றோடு பல சமயங்களில் உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சு செய்து தரப்படுகிறது. படமாக மட்டும் இருக்கும் பக்கத்தைத் தேடுபொறி சரிவரப் படிக்காது என்பதால், ஒரு சிற்றிதழின் நடுப்பக்கத்துக் கட்டுரை ஆய்வாளரின் கண்ணில் படுவதும் படாமற் போவதும் அந்தப் பட்டியலைப் பொறுத்ததே.

பகிர்வதற்குச் சட்ட வரம்பும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. ஆகவே கடந்த நூற்றாண்டின் பெரும்பாலான வெளியீடுகளுக்கு உரியவரின் அனுமதி வேண்டும். கல்வெட்டுகளில் உயிரோடிருப்போரின் பெயர்களும் உறவுமுறைகளும் வருவதால், குடும்பத்தாரின் இசைவைக் கேட்பது சட்டத்துக்கு அப்பாலும் கடமையாகிறது.

இவை எல்லாவற்றிலும் காத்திருக்க முடியாதது புகைப்படம். அச்சு நூலின் ஆசிரியரையும் ஆண்டையும் பிற்காலத்திலும் துருவிக் கண்டுபிடிக்கலாம். பின்புறத்தில் எதுவும் எழுதப்படாத பாடசாலைக் குழுப் படமொன்றில் நிற்போரை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அவர்களோடு படித்தவர்கள் மட்டுமே. அவர்களுள் பலர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் முதுமையில் இருக்கிறார்கள். படத்தை அவர்கள் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டெழுதி, சொன்னவரின் பெயரையும் நாளையும் அதனோடு பதிந்துவிட்டால், மின்வருடலை அடுத்த ஆண்டுகூடச் செய்துகொள்ளலாம்.