பொங்கும் நுரையும் அதன் காரணமும்

கோடைக்காலத்தில் வெயிலிற் கிடந்த கோலி சோடாவை உடைக்குங்கால், அது சீறிப் பொங்கித் தரையிற் சிந்துவதை நாம் கண்டிருக்கிறோம். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியிற் கிடந்த புட்டியோ அத்துணைச் சீறுவதில்லை. இரண்டிலும் அடைத்த நீரும் ஒன்றே, வாயுவும் ஒன்றே. வேறுபட்டது சூடு மட்டுமே. இச்சிறு செய்தியை மனத்திற் கொண்டோமாயின், அமெரிக்க நாட்டு இல்லங்கள் சிலவற்றில் நேரும் ஒரு தொல்லையின் காரணம் எளிதில் விளங்கும்.

அந்நாட்டில் பீரைப் புட்டியில் வாங்காது, பீப்பாயாகவே வாங்கி வீட்டுக் குளிர்ப்பெட்டியுள் வைத்துக்கொள்வோர் உளர். உருளையில் அடைத்த கரியமிலவாயு பீப்பாயினுட் புகுந்து பீரை அழுத்தும். பீர் மெல்லிய குழாய் வழியாக மேலேறி, பெட்டியின்மீது நிற்கும் கம்பத்திலுள்ள திருகைத் திறந்தவுடன் வெளிவரும். ஆயின் குவளையில் முக்காற்பங்கும் நுரையாகவே நிரம்பக் கண்டு, பீரை வடித்தவனை நொந்துகொள்வோர் பலர். குடியின் நன்மை தீமை ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. நுரையின் இயல்பே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் குருவாயிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767-இல் தம் வீட்டருகிலிருந்த மதுவடிசாலையில், நொதிக்கும் தொட்டிகளின்மேல் தங்கிநின்ற இவ்வாயுவை ஆராயத் தொடங்கினார். பின்னர் அதனை நீரிற் கரைக்கும் வழியையும் கண்டார். அழுத்தம் மிகுந்தோறும் நீரிற் கரையும் வாயுவும் மிகும் என்னும் விதியை 1803-இல் வில்லியம் ஹென்றி வெளியிட்டார். சூடு மிகுந்தாலோ கரையும் அளவு குறையும். எனவே, பீரினுள் வாயுவைக் கட்டிவைக்கும் தளைகள் இரண்டு: ஒன்று குளிர்ச்சி, மற்றொன்று அழுத்தம். இவற்றுள் ஒன்று தளரினும் வாயு வெளிப்பட்டு நுரையாகும்.

சாதாரண பீரில் அதன் பருமனைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். பாரன்ஹீட் 38 பாகையில் அதனை நிலைநிறுத்தச் சதுர அங்குலத்துக்கு 11 அல்லது 12 ராத்தல் அழுத்தம் போதும். சூடு 48 பாகைக்கு ஏறிவிடின் 16 ராத்தலுக்கு மேலும் வேண்டியதாகும்.

இங்கேதான் பலரும் பிழை செய்கின்றனர். நுரை மிகுந்ததைக் கண்டவுடன், "வாயு மிக வேகமாய்த் தள்ளுகிறது போலும்" என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடுகின்றனர். முன்பு அழுத்தம் சரியாக இருந்திருப்பின், இதனால் தளை தளர்ந்து, குழாயினுள்ளேயே குமிழிகள் தோன்றி நுரை முன்னிலும் பெருகும். சில நாளில் பீப்பாயிலுள்ள பீர் முழுவதும் வாயுவிழந்து சப்பென்றாகிவிடும். மருந்தே நோயை வளர்த்தது!

ஆதலின், கைவைக்கு முன் காரணத்தை முறையாகத் தேடுதல் வேண்டும். முதற் குவளை மட்டும் நுரைத்துப் பின்னவை செம்மையாய் வருமாயின், குற்றம் கம்பத்தினது. குளிர்ப்பெட்டிக்கு வெளியே நிற்பதால் அது வெதும்பியிருக்கிறது. பெட்டியின் குளிர்காற்றைச் சிறு விசிறியொன்றால் கம்பத்துள் ஏற்றின் குறை தீரும். எல்லாக் குவளையும் நுரைப்பின், இரண்டாவதாக வார்த்த குவளையில் வெப்பமானியை இட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியின் காற்றுக் குளிர்ந்திருப்பினும் பீர் குளிராதிருத்தல் உண்டு. வண்டியிற் குலுங்கி வந்த பீப்பாயை ஒருநாள் முழுதும் அசையாது குளிரில் வைத்தல் நலம்.

சூடும் அழுத்தமும் சரியாயிருந்தும் பீர் பீறிட்டு வருமாயின், குழாயின் நீளத்தை நோக்குக. உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள குழாய் 5 அடிமுதல் 10 அடிவரை நீண்டிருத்தல் வழக்கம். அந்நீளத்தில் நேரும் உராய்வே வேகத்தைத் தணித்துப் பீரை மெல்ல வாயிலுக்குக் கொணர்கிறது. குழாய் குறுகின் அந்தத் தடை இல்லை. குழாயினுட் படியும் அழுக்கும் குமிழிகளுக்குப் பிறப்பிடமாதலின், இரு வாரத்துக்கொருமுறை அதனைக் கழுவுதல் வேண்டும். திருகைப் பாதி திறத்தலும் தவறு. இடுக்கு வழியிற் பாயும் பீர் கலங்கி நுரைக்கும். முழுதும் திறந்து, சாய்த்துப் பிடித்த தூய குவளையின் பக்கத்தில் வழியவிட்டு, முடிவில் நிமிர்த்துதலே முறை.

உண்மையாகவே அழுத்தம் பலநாள் மிகுந்திருந்து வாயு அளவுக்குமேற் கரைந்திருத்தலும் கூடும். அப்பொழுது உருளையை மூடி, பீப்பாயின் மேல்நின்ற வாயுவைச் சிறிது சிறிதாய்ப் பலமுறை வெளியேற்றிய பின்னரே தக்க அழுத்தத்தை மீண்டும் வைத்தல் வேண்டும்.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, அதன் பயனைக் கண்ட பின்னரே மற்றொன்றிற் கைவைத்தல் சாலச் சிறந்தது. இரண்டை ஒருங்கே மாற்றியவன், குறை நீங்கினும் அதன் காரணத்தை அறியான். அக்குறை மறுபடி வரின் முன்போலவே திகைப்பான். கண்முன் பொங்குவது நுரையே. ஆயின் அதன் காரணமோ, நாம் காணாத குழாயிலோ கம்பத்திலோ ஒளிந்திருக்கிறது. அதனைத் தேடிக் காணும் பொறுமையில்லாதவனுக்கு ஒரு பீப்பாய் முழுவதும் நுரையாகவே கழியும்.