தொழிற்பயிற்சி விடுதியில் மனநலம்: உரிமையும் வழியும்

தங்கிப் பயிலும் தொழிற்பயிற்சி மையத்தில் சேரும் இளைஞருக்குச் சாப்பாடு, படுக்கை, சீருடை, வகுப்பு, கடைசியில் ஒரு வேலை என எல்லாமே திட்டத்தின் கணக்கில் வந்துவிடும். மனநலச் சேவை மட்டும் அந்தப் பட்டியலில் கண்ணில் படுவது அரிது. ஆனால் அதுவும் அவருடைய உரிமைதான். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவையை நாட்டிலுள்ள எவரும் கேட்டுப் பெறலாம் என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அது இலவசம். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பயிற்சி மையங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லியே இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்து இளைஞர்கள் இத்தகைய பயிற்சிக்குப் பல வழிகளில் போகிறார்கள். 2014 செப்டம்பர் 25 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, 15 முதல் 35 வயது வரையிலான கிராமப்புற இளைஞர்களுக்கானது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கும் வயது வரம்பு 45. தமிழ்நாட்டில் இதை ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது. மாவட்ட அளவில் பொறுப்பு மகளிர் திட்ட அலுவலகத்துடையது. ஒன்றியங்களில் நடக்கும் ‘இளைஞர் திறன் திருவிழா’வில் ஆள் சேர்ப்பார்கள். பயிற்சி மூன்று மாதமாகவும் இருக்கலாம், ஓராண்டாகவும் இருக்கலாம். இந்தியன் வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் நடத்துபவை குறுகிய கால வகுப்புகள். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இவை தவிர, நேரடியாகத் தொழிற்சாலை விடுதிக்குப் போய் ‘டிரெய்னி’யாகச் சேர்பவர்கள் உண்டு. செய்யாறு சிப்காட், ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆகியவை அவர்கள் போகும் ஊர்கள்.

மனச்சிக்கலுக்கும் இந்த வயதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒருவரின் வாழ்நாளில் வரக்கூடிய மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்று கண்டது. அதாவது பயிற்சி விடுதியில் இருக்கும் வயதுதான் நோய் முதன்முதலில் தலைகாட்டும் வயது. அதே சமயத்தில் அந்த இளைஞர் வீட்டைவிட்டு முதன்முறையாக வந்திருக்கிறார், அறையில் முன்பின் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், சாதி கேட்கப்படுகிறது, கைப்பேசிக்கு நேரக் கட்டுப்பாடு, வீட்டிலோ கடன். ஜவ்வாது மலையிலிருந்து வருபவருக்கு இன்னொரு சுமையும் இருக்கக்கூடும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். அந்த வழியில் போகாமலிருக்கத்தான் மலைவாழ் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி என்று பலமுறை சொல்லப்பட்டது. தந்தையையோ அண்ணனையோ அப்படி இழந்த அல்லது சிறைக்குக் கொடுத்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தையல் எந்திரமும் வெல்டிங்கும் மட்டும் போதும் என்று திட்டம் நினைத்தால் அது அரைவேலைதான்.

விடுதியில் மனச்சிக்கல் பெரும்பாலும் உடம்பின் பெயரில்தான் வெளியே வரும். ஓயாத தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சு படபடப்பு, விடியுமுன் விழிப்பு, தட்டில் சோறு மிஞ்சுவது, வகுப்புக்கு வராமல் படுத்துக்கொள்வது. வார்டன் கண்ணுக்கு அது சோம்பேறித்தனம். அறைத் தோழர்களுக்கு ‘ஊர் நினைப்பு’. ஊர் நினைப்பு எல்லோருக்கும் வரும். நாளாக ஆகக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேலாகியும் மனச்சோர்வு விடாமல், விருப்பமானவற்றில்கூட நாட்டமில்லாமல் போனால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. யாருமில்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்வதாக நம்புவது, பல இரவுகள் தூங்காமலே மிகையான உற்சாகத்தோடு பேசிக்கொண்டிருப்பது ஆகியவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இறந்துவிடலாம் என்ற பேச்சு விளையாட்டாக வந்தாலும் அன்றே கவனிக்க வேண்டியது. அப்படிப் பேசியவரிடம் அதைப் பற்றி நேராகக் கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்ற பயம் தவறு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. தினமும் குடித்துப் பழகியவர் விடுதிக்கு வந்து திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். அது ஒழுங்கு நடவடிக்கைக்கான விஷயம் அல்ல, அவசர சிகிச்சைக்கானது. போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446.

நோயைவிட, அதைக் கேட்கும் ஆள் யார் என்பதில்தான் பயிற்சி விடுதியின் தனிச் சிக்கல் இருக்கிறது. கௌசல்ய யோஜனாவில் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் தவணை தவணையாக வருகிறது; எத்தனை பேர் பயிற்சியை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கோடு அது கட்டுண்டது. பயிற்சி பெறுபவர் முதலில் மனம்விட்டுப் பேசுவது வார்டனிடமோ, ஊரிலிருந்து அழைத்துவந்த ஆள்சேர்ப்பாளரிடமோதான். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் ‘பேட்ச்’ கலையாமல் பிளேஸ்மென்ட் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு உண்டு. அதனால் ஒன்று, ‘பயிற்சி முடியட்டும், சரியாகிவிடும்’ என்று சிகிச்சை தள்ளிப்போகும். அல்லது பெற்றோரை வரவழைத்துச் சத்தமில்லாமல் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. அதைக் காக்கும் கடமையை அது மருத்துவர், உளவியலாளர், செவிலியர் போன்ற நலப் பணியாளர்கள் மீது வைக்கிறது. வார்டன் நலப் பணியாளர் அல்ல. அவரிடம் சொன்னது அலுவலகத்துக்கும், அங்கிருந்து வேலை தரவிருக்கும் நிறுவனத்துக்கும் போவதை அந்தப் பிரிவு நேரடியாகத் தடுப்பதில்லை. ஆகவே விடுதியில் நல்ல மனநலச் சேவைக்கு முதல் அடையாளம், நிர்வாகத்தின் கை வழியாகப் போகாமலே பயிற்சி பெறுபவர் அதை அடைய முடிவதுதான்.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிவந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில்தான் தொடக்கத்தில் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மனநலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று சொல்லி, முறையான சட்டம் வரும்வரை பின்பற்ற வேண்டிய 15 வழிகாட்டுதல்களை நீதிமன்றம் வகுத்தது. அவை பள்ளி, கல்லூரிகளோடு பயிற்சி மையங்கள், தங்கிப் பயிலும் நிறுவனங்கள், விடுதிகள் அனைத்துக்கும் பொருந்தும். நூறு பேர் அல்லது அதற்கு மேல் பயிலும் இடத்தில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். நூறுக்குக் குறைந்தால் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான இணைப்பு வேண்டும். மாவட்டத்தில் பல மையங்கள் சிறியவை என்பதால் இந்த இரண்டாவது விதிதான் இங்கே அதிகம் பயன்படும். நிர்வாகத்துக்கு வெளியே இருப்பதால் அது உள்ளிருக்கும் ஆலோசகரைவிட நம்பகமானதாகவும் இருக்கலாம். ஆசிரியர் அல்லாதவர்கள் உட்பட எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை உளவியல் முதலுதவிப் பயிற்சி தர வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பிலும் தெரியும்படி எழுதப்பட வேண்டும். மதிப்பெண்ணை வைத்து எல்லோர் முன்பும் அவமானப்படுத்தக் கூடாது. ராகிங், பாலியல் சீண்டல், சாதிப் பாகுபாடு குறித்த புகாரை ரகசியமாகக் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். இவை நடக்கின்றனவா என்று பார்க்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1964 முதல் நடந்துவரும் ‘ஜாப் கோர்’ என்ற தங்கிப் பயிலும் திட்டம் 16 முதல் 24 வயதுள்ளோருக்கானது. ஒவ்வொரு மையமும் மனநல வல்லுநர் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பயில்வோரின் எண்ணிக்கைக்கேற்ப அவருடைய மணிநேரம் கூடும். அதைவிடக் கவனிக்கத்தக்க விதி ஒன்று அங்கே உண்டு. உடல்நலம் அல்லது மனநலக் காரணத்துக்காக வெளியேறுபவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு 180 நாளுக்குள் மீண்டும் சேரலாம். இங்கே வீட்டுக்கு அனுப்பப்படும் நிலையில் இருப்பவரும் குடும்பத்தினரும், அடுத்த பேட்சில் இடம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வாய்மொழி உறுதி மூன்று மாதத்தில் மறந்துபோகும்.

உதவிக்கு எளிய வாசல் தொலைபேசி. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மனஸ் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குவதும் அதே எண்தான். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதி, இந்த எண்ணுக்குப் பேசவாவது தனியிடமும் நேரமும் தர வேண்டும். நேரில் பார்க்கத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மாத்திரைகளும் அங்கே இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதைப் பயிற்சி மையம் கேட்டு அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. உறவினர் உடன்தங்கிக் கவனிக்கும் முறை அங்கே பழையது.

பேய், காத்து, செய்வினை என்று நினைத்துக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போகும் குடும்பங்கள் ஏராளம். மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்று நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். வழிபாடும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று தடையல்ல. மலையைச் சுற்றிவிட்டு மருத்துவமனைக்கும் போகலாம். சங்கிலியால் கட்டுவது மட்டும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் தீயில் சிக்கி மனநோயாளர் 28 பேர் இறந்த பிறகு நாடு அதைப் பேசத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துவிட்டது.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வரும் என்று பயந்து விடுதிகள் விஷயத்தை மறைப்பதுண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கருதும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனையில் போலீசுக்குத் தகவல் போகும், விசாரிக்கவும் செய்வார்கள். அதைக் கண்டு சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

பயிற்சி பெறுபவர் 18 வயது நிறையாதவர் என்றால் சில விதிகள் மாறும். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். வார்டனின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. மனச்சிக்கலுக்குப் பின்னால் பாலியல் துன்புறுத்தல் இருந்தால், தெரிந்தவர் எவரும் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான எண் 1098, பெண்களுக்கு 181. வயது வந்த பெண்களைப் பொறுத்தவரை, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம், 2013, ‘டிரெய்னி’யையும் ஊழியராகவே கணக்கில் கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம்.

சேவை மறுக்கப்பட்டாலோ, மனநலச் சிகிச்சை எடுத்ததற்காகவே ஒருவர் நீக்கப்பட்டாலோ, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தந்து நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மகளிர் திட்ட அலுவலகம். அடுத்தது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். மனுவில் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூலை உத்தரவைக் குறிப்பிட்டால் அது வெறும் கோரிக்கையாக நிற்காது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போதும் மனநோய் இருப்பதாக முடிவு கட்ட முடியாது என்று மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வதையும் அதில் சேர்க்கலாம். மனநல மருத்துவமனையிலேயே குறை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். இவற்றுக்கெல்லாம் இலவச வழக்கறிஞர் உதவி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கிடைக்கும், எண் 15100.

சிகிச்சை பெரும்பாலும் அறுந்துபோவது பயிற்சி முடிந்து வேலைக்குப் போகும் வாரத்தில்தான். ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகிறவர், பத்து நாள் மாத்திரையோடு பேருந்து ஏறிவிட்டுத் தீர்ந்ததும் நிறுத்திவிடுவார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம். தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. கிளம்புமுன் மருத்துவச் சீட்டின் நகலையும் குறைந்தது ஒரு மாத மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, போகும் ஊரிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை தரும் நிறுவனத்திடம் அந்தச் சீட்டைக் காட்டுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.