இலக்கை நோக்கி மீண்டும்

பரீட்சைக்காக விட்ட விளையாட்டை மறுபடி தொடங்கத் தயங்குவோர் நம்மில் பலர். குறிபார்த்துச் சுடும் கலை நமக்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றே 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. இலக்கின் நடுப்புள்ளியோ வெறும் 0.5 மில்லிமீட்டர்! ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 குண்டுகள் சுட வேண்டும். ஒரு குண்டுக்கு உச்ச மதிப்பெண் 10.9. ஆகவே பலத்தைவிட நிதானமே தேவை.

இடைவெளி விழுந்தால் நிற்கும் நிலை தளரும். விசையை இழுக்கும் விரல் அவசரப்படும். எனவே திரும்பி வருவோர் முதல் நாளே மதிப்பெண்ணைத் தேடலாகாது. பயிற்சியாளர் முன்னிலையில், துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க, குண்டில்லாமல் ஏந்திப் பழக வேண்டும். மூச்சைச் சிறிது விட்டு நிறுத்தி, விசையை மெல்ல இழுத்து, இழுத்த பின்னும் அசையாது நிற்க வேண்டும். அடுத்து வெற்று அட்டையில் சுட்டு, துளைகள் நெருங்கி விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் அதற்குப் பிறகே.

நம் எலவனாசூர்கோட்டைக்குக் கிழக்கே, கடலூரில் 1999-இல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற அவருக்கு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 16-ஆம் இடமே கிடைத்தது. சோர்ந்தாரா? 2023-இல் ரியோ உலகக் கோப்பையில் மீண்டும் தங்கம்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குச் செல்வோரோ எட்டுப் பேர் மட்டுமே. 2025-இல் ஆசியப் போட்டியில் மறுபடியும் தங்கம்!

தோழியரே, ஓட்டமோ, இசையோ, தையலோ, நாம் விட்டது எதுவாயினும் எடுப்போம். முதலில் நிற்கப் பழகுவோம். குறி தானே கைகூடும்.