மரத்துக்கு வைத்தியம் செய்யும் தொழில்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கடற்கரைத் தெருவிலே, நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்து, 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் இருப்பது குச்சவெளி. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் வயலும், அதற்கப்பால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடும். ஆடி ஆவணியிலே கச்சான் காற்று நிலத்தை உலர்த்திவிடும். ஐப்பசி பிறந்ததும் வாடை திரும்பும். அப்போது இவ்வூரில் வளவுக்குள் பெரிய மரம் வைத்திருப்பவர் ஒருமுறையாவது அண்ணாந்து பார்ப்பார். கூரைக்கு மேலே கவிந்திருக்கும் புளியங்கொம்பு இந்த மாரியைத் தாங்குமா என்னும் ஐயம் அவருக்கு எழும்.

அந்த ஐயம் வீணானதன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன்னே இலங்கையின் வடகீழ்ப் பகுதியை உலுக்கிச் சென்றது. 1978 நவம்பரில் மட்டக்களப்புப் பக்கத்தைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவி என்னும் புயல் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள இக்கரையோரத்திலேதான் தரையேறிற்று.

ஆகவே வீட்டுக்காரர் கோடரிக்காரரை அழைக்கிறார். கூலி பேசும் முறை பல இடங்களில் இவ்வாறிருக்கும்: வெட்டுகிற கொம்பை வெட்டுபவரே எடுத்துக்கொள்வார்; விறகாக விற்றுக் காசாக்குவார்; வீட்டுக்காரர் சிறிது பணம் கொடுத்தாற் போதும். இரு தரத்தாருக்கும் இலாபமான ஏற்பாடுபோலத் தோன்றும். ஆனால், வெட்டுபவரின் ஊதியம் வெட்டப்படுவதிலே இருக்கும்போது, வேண்டியதற்கு மேலாகவே வெட்டு விழும். ஒரு கொம்பு போகவேண்டிய இடத்தில் ஐந்து போகும். மரச் சிகிச்சையாளரின் தொழில் இதற்கு நேர்மாறானது. அவர் வெட்டியதற்காக அன்று, விட்டுவைத்ததற்காகக் கூலி பெறுகிறார். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இத்தொழிலின் பாதியை விளங்கிக்கொண்டதாகும்.

மரத்துக்கு மருத்துவம் என்பது கீழைநாட்டுக்குப் புதிய எண்ணமன்று. சுரபாலர் என்பவர் வடமொழியிலே விருட்சாயுர்வேதம் என்னும் நூலைச் செய்து, மரங்களுக்கு வரும் நோய்களையும் மருந்துகளையும் வகுத்துள்ளார். இக்காலத் தொழிலாக இதனை உருவாக்கியவருள் முதன்மையானவர் ஜோன் டேவி. இங்கிலாந்திலே பிறந்து 1873இல் அமெரிக்கா சென்ற இத்தோட்டக்காரர், 1901இல் ‘மர வைத்தியர்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு நூலை வெளியிட்டார். மரத்தின் பொந்தைச் சுரண்டித் துப்புரவாக்கிச் சீமெந்தினால் அடைப்பது அந்நாளைய சிகிச்சைகளுள் ஒன்று. பல் வைத்தியர் பல்லை அடைப்பதுபோல என்று கருதினர் போலும்.

பின்வந்த ஆராய்ச்சி அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிட்டது. அமெரிக்க வனச் சேவையிலே பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நெடுக்காகப் பிளந்து பார்த்தார். அவர் கண்டு 1977இல் விளக்கிய உண்மை இது: மனிதத் தோலிலே காயம் பட்டால் பழுதான இடத்தில் புதிய தசை வளர்ந்து ஆறும். மரம் அப்படி ஆறுவதேயில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி அது சுவர் எழுப்பிப் பூட்டிவிடுகிறது. அதன்மேல் புதிய மரத்தை வளர்த்து மூடுகிறது. பழைய காயம் மரம் உள்ளவரை உள்ளேயே இருக்கும். பொந்தைச் சுரண்டினால் மரம் அரும்பாடுபட்டு எழுப்பிய சுவர் உடைகிறது. அடைபட்டிருந்த உக்கல் நல்ல மரத்துக்குப் பரவ வழி பிறக்கிறது. வெட்டுவாயிலே தார் பூசும் வழக்கமும் அத்தகையதே. பூசுவதால் உக்கல் தடைப்படுவதில்லை என்பதை ஷைகோவின் சோதனைகள் காட்டின. பூசியவரின் மனம் ஆறுதல் அடைவது ஒன்றே அதன் பயன்.

அப்படியாயின் மர வைத்தியர் செய்யக்கூடியது யாது? எங்கே வெட்டுவது என்பதை அறிவதே. கொம்பு தண்டோடு பொருந்தும் இடத்தை உற்று நோக்கினால், அடியிலே கழுத்துப்போல ஒரு புடைப்புத் தெரியும். சுவர் எழுப்பும் ஆற்றல் அந்தப் புடைப்பிலேதான் இருக்கிறது. அதைத் தண்டோடு ஒட்டச் சீவினாலும் தவறு. அதற்கு வெளியே ஒரு முழம் கட்டையை விட்டாலும் தவறு. விட்ட கட்டை காய்ந்து, உக்கல் உள்ளே இறங்கும் படிக்கட்டாகிவிடும். புடைப்பை ஊறுபடுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும்.

பாரமான கொம்பை ஒரே வெட்டில் விழுத்துவதும் ஆகாது. பாதி அறுபட்டதும் கொம்பு தன் பாரத்தால் முறிந்து, தண்டின் பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். ஆகையால் மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கொம்பின் கீழ்ப்புறத்தில் சிறிது ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று அப்பால் மேற்புறத்திலிருந்து இரண்டாம் வெட்டு. பாரம் விழுந்துவிடும், பட்டை உரியாது. எஞ்சிய கட்டையைப் புடைப்பினருகே அறுப்பது மூன்றாம் வெட்டு. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய இம்முறையைக் கைக்கொள்ளாத காரணத்தால் வீணான நிழல் மரங்கள் எத்தனையோ.

குச்சவெளியிலும் பிற ஊர்களிலும் மரங்களுக்கு இழைக்கப்படும் பெருந்தீங்கு மொட்டையடித்தல். புயலுக்கு அஞ்சி மரத்தின் தலையை முழுவதும் வெட்டிவிடுவர். இலையற்ற மரத்துக்கு உணவு இல்லை. ஆகவே அது உறங்கிக் கிடந்த முளைகளை எல்லாம் எழுப்பி, வெட்டுவாயைச் சுற்றிக் கற்றை கற்றையாகப் புதுக் கொம்புகளைத் தள்ளும். பழைய கொம்பு தண்டின் ஆழத்திலிருந்து ஆண்டுதோறும் பின்னிப் பிணைந்து வளர்ந்தது. புதுக் கொம்போ மேற்பட்டையை ஒட்டி நிற்பது. சில ஆண்டுகளில் அது கனத்துவிடும். அடியிலே வெட்டுவாய் உக்கியிருக்கும். அடுத்த பெரும் வாடைக்கு முறிந்து கூரைமேல் விழுவது அதுதான். எந்த ஆபத்துக்கு அஞ்சி வெட்டினாரோ அந்த ஆபத்தையே வீட்டுக்காரர் பணம் கொடுத்து வாங்குகிறார். உயிருள்ள இலைப்பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் எடுக்கலாகாது என்பது தேர்ந்தவர் கொள்ளும் அளவு. முதிய மரமாயின் அதனினும் குறைவாக எடுப்பர்.

புயற்காயம் எவ்வளவு காலத்துக்குப் பின்னும் கொல்லும் என்பதற்குக் கல்கத்தாவுக்கு அருகே ஹௌராத் தாவரப் பூங்காவில் நிற்கும் பேராலமரம் சான்று. 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்கள் அதன் கொம்புகளை முறித்தன. முறிவின் வழியே காளான் புகுந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1925இல், உக்கிப்போன அடிமரத்தையே அகற்றவேண்டியதாயிற்று. ஆலமரம் ஆதலால் விழுதுகள் தாங்கின. மரம் இன்றும் உயிரோடிருக்கிறது. புளிக்கும் வேம்புக்கும் விழுது இல்லை. அவற்றுக்குத் தாங்குகால் கொடுப்பவர் மனிதரே. அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதியின் கிளைகளுக்கு முட்டுக்கொடுத்திருப்பதைக் கண்ட நேயர்கள் இதனை அறிவர்.

பனையும் தென்னையும் தனி இனம். இவற்றின் தண்டிலே காயத்தை மூடும் புதுமரம் வளர்வதில்லை. தென்னையில் ஏறுவதற்காகக் கொத்திய படி அம்மரம் உள்ள நாள்வரை அப்படியே இருக்கும். ஆணி பதித்த காலணியோடு ஏறுவதும் அதே தீங்கைச் செய்யும். உச்சியில் இருப்பது ஒரேயொரு குருத்து. அது பட்டால் மரம் பட்டது. பச்சை ஓலைகளைக் கழித்து உச்சியைத் துடைப்பம்போல ஆக்குவது அழகன்று, பட்டினி போடுதலாகும். காய்ந்த ஓலையும் முற்றிய காயும் இறக்கப்பட்டால் போதும். தளைநாரைக் காலில் மாட்டிப் பனையில் ஏறும் சீவல் தொழிலாளர் தண்டுக்கு ஊறு செய்யாமலே உச்சியை அடைகின்றனர். களுத்துறைப் பக்கத்திலோ தென்னைகளின் உச்சிகளைக் கயிற்றால் இணைத்து, மரத்துக்கு மரம் அந்தரத்திலே நடந்து கள் இறக்குவோர் உளர். ஏறும் கலை இந்நாட்டிலே பழுத்துக் கிடக்கிறது. அதனோடு சேரவேண்டியது மரத்தைப் பற்றிய அறிவுதான்.

அவ்வறிவு மரத்தின் உச்சியிலன்று, அடியிலே தொடங்கும். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஒரு மீற்றர் ஆழத்துக்குள், கவிகைக்கும் அப்பால் பரந்திருப்பவை. கான் வெட்டும்போதும், தெருவை அகலிக்கும்போதும், மதிலுக்கு அத்திவாரம் தோண்டும்போதும் ஒரு பக்கத்து வேர் முழுவதும் அறுபடுவதுண்டு. பச்சைப் பசேலென்று நிற்கும் மரம், மாரி மழையில் மணல் இளகிக் காற்றும் வீசும் நாளிலே வேரோடு சாய்வதன் காரணம் பலவேளை இதுவே. அடிமரத்திலே தட்டுப்போல முளைத்திருக்கும் காளான், ஒரு பக்கம் வெடித்து உயர்ந்த மண், கவர்க்கொம்புகளின் நடுவே ஓடும் பிளவு ஆகியவற்றை வைத்தியர் தேடுவார். மரச் சுத்தியலால் தண்டைத் தட்டி ஓசை கேட்பார். பொந்து இருப்பதனாலேயே மரத்தை விழுத்த வேண்டுமென்பதில்லை. குழாயும் உள்ளே வெறுமையானதுதான், ஆயினும் உறுதியாக நிற்கிறது. தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு நல்ல மரமாக எஞ்சியிருந்தால் அது தாங்கும் என்பது ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கிளவுஸ் மத்தெக் பரப்பிய கணிப்பு. கணிப்பு என்றே அதைக் கொள்ளவேண்டும். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவிலே, தேர்ந்த பணியாளர் பேணி வந்த 270 ஆண்டுக்கு மேற்பட்ட மரமொன்று 2017 பெப்ரவரி 11ஆம் நாள் சாய்ந்து ஒரு பெண்மணியின் உயிரைக் கொண்டது. ஆபத்தைக் குறைக்கலாமேயன்றி அறவே நீக்க இயலாது. நேர்மையான வைத்தியர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

தொழில் செய்பவருக்குள்ள ஆபத்தோ இன்னும் பெரிது. இடுப்புக் கச்சையும் கயிறும் இன்றி மரத்தில் வாளோடு நிற்றல் தகாது. 1931இல் கார்ல் புருசிக் என்னும் ஆஸ்திரிய மலையேறி அறிமுகப்படுத்திய முடிச்சு, பாரம் விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும். பாரம் தளர்ந்தால் நகரும். மரமேறிகளும் அதைக் கைக்கொண்டனர். வாளை இயக்கும்போது இரு இடங்களில் தம்மைப் பிணைத்திருக்க வேண்டும். வாள் நழுவி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது காக்கும். கீழே நிற்பவர் அனுபவமுள்ளவராயிருத்தல் வேண்டும். மின்கம்பி அருகே ஓடுமாயின், மின்னைத் துண்டிக்காமல் மரத்தில் கைவைத்தல் கூடாது. மழையில் நனைந்த கொம்பும் மின்னைக் கடத்தும்.

வேலை எங்கே கிடைக்கும்? 2023 ஒக்டோபர் 6ஆம் நாள் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்தின்மேல் ஒரு பெருமரம் விழுந்து ஐவர் மாண்டனர். தெருவோர மரங்களைப் பார்த்துச் சொல்லத்தக்கவர் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்திற்று. திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளிலே விருந்தினர் விடுதிகள் உள. தென்னையின்கீழ் சாய்கதிரை போட்டிருக்கும் விடுதிக்காரருக்குக் காய் விழாமற் காப்பது தேவை. கோயில், பள்ளிவாசல், பாடசாலை, மருத்துவமனை ஆகியவற்றின் முற்றங்களில் பெருமரங்கள் நிற்கின்றன; பிரதேச சபைகளின் பொறுப்பிலே தெருமரங்கள் இருக்கின்றன. எங்கும் வெட்டுவோர் உளர். வெட்டாமல் விடத்தக்கதை எழுத்திலே தருவோர்தாம் அரியர். ‘இம்மரத்தில் இந்த மூன்று கொம்பு அகற்றப்படும், இன்ன காரணத்தால், இவ்வளவு கூலி’ என ஒரு தாளில் எழுதிக் கொடுப்பவரைப் பொறுப்பான அதிபரோ முகாமையாளரோ மறக்கமாட்டார். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைச் சேர்த்து வைப்பதும் நன்று. சான்றிதழினும் முதலில் பேசுவது அப்படங்களே.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி விழுத்த முடியாது. வெட்டிய மரத்தை வண்டியேற்றவும் பலவகை மரங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்திலே விசாரித்துக்கொள்ளாமல் கூலி பேசுவது அறிவுடைமையாகாது.

இத்தொழிலை ஏட்டில் மட்டும் கற்க இயலாது. வெளிநாடுகளிலும், நிலத்தில் நின்று கயிறு பிடித்து, கொம்பிழுத்து, இரண்டொரு ஆண்டு கழித்தே மரமேற விடுவர். 1924இல் அமெரிக்காவிலே தோன்றிப் பன்னாட்டுச் சங்கமாக வளர்ந்த மரவளர்ப்பாளர் அமைப்பு, மூன்றாண்டு அனுபவமோ அதற்கீடான படிப்பும் பயிற்சியுமோ உடையவருக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் அளிக்கிறது. பிறநாடு செல்ல எண்ணும் இளைஞர்க்கு அது உதவும். ஊரிலேயே தொடங்க விரும்புபவர் தென்னை ஏறுவோர் ஒருவரிடமும் வாளை நன்கு இயக்குபவர் ஒருவரிடமும் பழகலாம். ஊர் மரங்களின் பெயரும் குணமும் முதியோரிடம் கிடைக்கும். ஒரு காலத்திலே சாவண்டலை மரத்தை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தனர். சென்னைக் கடலில் ஓடிய மசூலாப் படகுகளுக்கு அம்மரம் பயன்பட்டது. மரத்தின் வைரத்தைக் கைதொட்டு அறிந்தவர்களுக்கு இம்மாவட்டத்தில் என்றும் குறைவிருந்ததில்லை.

வேலை முடிந்ததும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுபவர் பலர். மரச் சிகிச்சையாளர் மறு ஆண்டு மாரிக்கு முன்னர் அதே வளவுக்குத் திரும்பவும் போவார்; அதற்குக் கூலி கேட்பதில்லை. வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை எழுந்திருக்கும். உழுந்து வடையைப்போல வட்டமாய், எப்பக்கமும் ஒரே தடிப்பாய் வந்திருந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்தது. இரு பக்கங்களில் மாத்திரம் தடித்து மேலும் கீழும் வெறுமையாய்க் கிடந்தால், வாள் அந்தக் கழுத்துப் புடைப்பைச் சீவிவிட்டது.